கலைச்சொல்: ராக் குழுவில் சேரும் 'ஸ்டிரிங்ஸ்', தமிழில் என்ன?

மடல் 1: கேள்வி

நண்பர்களுக்கு வணக்கம்.

பிறருடைய பாடல்களை மேடையில் வாசிக்கும் ராக் குழுக்கள் வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வியோலா, இன்னும் பெரிய செல்லோ ஆகியவற்றை வாசிக்கும் கலைஞர்களைச் சேர்த்துக்கொள்வது பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது பத்தியிலேயே மாட்டிக்கொண்டேன். 'ஸ்டிரிங்ஸ்' என்பதற்கு நமக்கு நரம்புக் கருவி, தந்திக் கருவி என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. இரண்டும் நல்ல சொற்கள்தான். ஆனால் 'ராக் குழுவில் நரம்புக் கருவிகளைச் சேர்ப்பது' என்று எழுதினால், "அப்போ இத்தனை நாள் நான் வாசித்தது என்ன, தவிலா?" என்று கிதார்க்காரர் கேட்பார். கிதாருக்கு ஆறு நரம்பு, பேஸ் கிதாருக்கு நான்கு. பெரும்பாலான ராக் குழுக்களில் டிரம்ஸைத் தள்ளிவிட்டால் மிச்சம் நரம்புக் கருவிதான்.

'ஆர்க்கெஸ்ட்ராக் கருவிகள்' என்றும் எழுதிப் பார்த்தேன். நம் ஊரில் ஆர்க்கெஸ்ட்ரா என்றால் கல்யாண வரவேற்பில் சினிமாப் பாட்டுப் பாடும் மெல்லிசைக் குழு. அங்கே 'ஸ்டிரிங்ஸ்' என்பது பல நேரம் கீபோர்டில் ஒரு பொத்தான். ஆகவே அதுவும் உதவாது.

மூன்றையும் வில்லால் இழுத்துத்தானே வாசிக்கிறார்கள் என்று, இப்போதைக்கு 'வில்லிசைக் கருவிகள்' என்று போட்டிருக்கிறேன். சரியா?

மடல் 2: நாகர்கோவிலிலிருந்து

சரியில்லை, தம்பி. எங்கள் பக்கம் வில்லிசை என்றால் வில்லுப்பாட்டு. கோயில் கொடைக்கு வில்லை வைத்து, வீசுகோலால் அடித்து, குடமும் உடுக்கையும் சேரக் கதை சொல்வது. 'ராக் குழுவில் வில்லிசை' என்று தலைப்பு வைத்தால் நான் ஆசையோடு உள்ளே வந்து ஏமாந்து போவேன். ஏற்கெனவே வாழ்கிற சொல்லை அதன் வீட்டிலிருந்து கிளப்பக் கூடாது.

'பிடில் கோஷ்டி' என்றால் என்ன குறை? எங்கள் அப்பா காலத்தில் வயலினைப் பிடில் என்றுதான் சொன்னார்கள்.

மடல் 3: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

வில் + கருவி = விற்கருவி என்று ஆகும். ஆனால் படிப்பவர் கண்ணுக்கு 'விற்கும் கருவி' போலத் தெரியும். வில் + நரம்பு என்று சேர்த்தால் வின்னரம்பு. நல் + நூல் நன்னூல் ஆனது போல. இலக்கணம் சரி, ஆனால் யாருக்கும் விளங்காது. 'வில்யாழ்' என்று யாராவது கிளம்பும் முன் சொல்லிவிடுகிறேன்: பெரும்பாணாற்றுப்படையில் வரும் வில்யாழில் யாழே வில் வடிவம். வில்லால் இழுத்து வாசிப்பதல்ல.

மடல் 4: கேட்டவர்

ஐயாவுக்கும் நாகர்கோவில் அண்ணாச்சிக்கும் நன்றி. வில்லிசையைத் திரும்பப் பெறுகிறேன். பிடில் கோஷ்டி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும் செல்லோவைப் பிடில் என்றால் செல்லோக்காரர் சண்டைக்கு வருவார்.

ஆனால் வில்லை மட்டும் விட்டுவிட எனக்கு மனமில்லை. காரணம் சொல்கிறேன்.

கிதார் நரம்பை மீட்டினால் அந்தக் கணத்தில்தான் ஒலி உச்சம். அப்புறம் இறங்குமுகம்தான். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்டு நீட்டலாம், ஆனால் முதல் அடி முதல் அடிதான். வில் வேறு மாதிரி வேலை செய்கிறது. ரோசின் என்ற பிசின் தடவிய, வில்லில் கட்டிய குதிரை மயிர் நரம்பைப் பற்றி இழுக்கிறது, நரம்பு நழுவுகிறது, மறுபடி பற்றுகிறது. விரல் வைக்காத வயலின் 'ஏ' நரம்பில் இது நொடிக்கு சுமார் 440 தடவை. அதனால் ஒலி சத்தமில்லாமல் தொடங்கி, நடுவில் வளர்ந்து, வேண்டிய இடத்தில் வெட்டி நிற்கும். ராக் குழு கூடுதல் சம்பளம் கொடுத்து இவர்களை அழைப்பது இதற்காகத்தான். நரம்பு அவர்களிடமே இருக்கிறது. இல்லாதது வில்.

பீட்டில்ஸ் குழுவின் 'எலினார் ரிக்பி' (1966) இதற்கு நல்ல சாட்சி. அவர்களுடைய தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் எழுதிய அந்த இசைக்கோப்பில் நான்கு வயலின், இரண்டு வியோலா, இரண்டு செல்லோ, ஆக எட்டுப் பேர். பீட்டில்ஸ் நால்வரில் ஒருவரும் அதில் எந்தக் கருவியும் வாசிக்கவில்லை, பாடியதோடு சரி. மைக்குகளைக் கருவிகளுக்கு மிக அருகில் வைத்துப் பதிவு செய்ததால் வில் கடிக்கும் ஓசைகூடக் கேட்கிறது. அதை மேடையில் வாசிக்க நினைக்கும் குழுவில் கிதார்க்காரரும் டிரம்ஸ்காரரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அல்லது வில்லின் வேலையைக் கிதாரில் செய்துபார்த்துத் தோற்க வேண்டும். இரண்டையும் பார்த்திருக்கிறேன். நிற்பதே மேல்.

எனவே 'வில்லணி' என்று முன்மொழிகிறேன். வில் + அணி. புணர்ச்சியில் தொல்லை இல்லை, சொல்லவும் எளிது. தனித்தனிக் கருவியைச் சொல்ல 'வில் கருவி' என்று இடைவெளி விட்டு எழுதலாம், ஐயா ஒரு கண்ணை மூடிக்கொண்டால்.

மடல் 5: சென்னையிலிருந்து, கிதார் வாசிப்பவர்

மூன்று கேள்விகள்.

வில்லணி என்றால் சோழர் படையில் அம்பு விடுகிற பிரிவு போல இருக்கிறதே?

பிட்ஸிகாட்டோ வந்தால் வில்லைத் தள்ளி வைத்துவிட்டு விரலால்தானே மீட்டுகிறார்கள்? அப்போதும் வில்லணியா?

லெட் செப்பலின் ராக் குழுவின் கிதார்க்காரர் ஜிம்மி பேஜ் மின்கிதாரையே வயலின் வில்லால் இழுத்து வாசித்தாரே. அவர் கிதார்க்காரரா, வில்லணியா?

மடல் 6: கேட்டவர்

அம்பு விடுகிறவர்களுக்கு 'விற்படை' என்று சொல் இருக்கிறது. அணியை நமக்கு விட்டுக்கொடுக்கட்டும். வாசிப்பவர்களை 'வில்லாளர்' என்று மட்டும் எழுத மாட்டேன், அது நேரே போர்க்களத்துக்குப் போய்விடும். 'வில்லணிக் கலைஞர்' போதும்.

விரலால் மீட்டினாலும் வயலின் வயலின்தான். சமையல்காரர் சாப்பிட உட்கார்ந்தால் பேர் மாறிவிடுகிறதா?

மூன்றாவது கேள்விதான் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. பேஜ் கையில் இருந்தது வில், வாசித்தது கிதார். 'வில் கருவிகள்' என்ற பெயர் மட்டும் இருந்திருந்தால் அவர் ஓரமாக உள்ளே நுழைந்திருப்பார். 'அணி' அவரைத் தடுக்கிறது. பலர் சேர்ந்து, ஒரே இழுப்பில், வில்கள் ஒரே திசையில் மேலும் கீழும் போவதுதான் நான் சொல்ல வந்தது. ஒருவர் தனியாக இழுத்தால் அது அணி ஆகாது. 1993இல் நிர்வாணா குழு எம்டிவி நிகழ்ச்சியில் ஒரே ஒரு செல்லோவைச் சேர்த்துக்கொண்டது. கட்டுரையில் அதை 'ஒற்றைச் செல்லோ' என்றே எழுதுவேன். மெட்டாலிகா 1999இல் சான் பிரான்சிஸ்கோ சிம்பொனியோடு மேடையேறியதே, அங்கே இருந்தது வில்லணி.

இன்னொரு வசதியும் கிடைக்கிறது. கீபோர்டுப் பொத்தானில் வரும் 'ஸ்டிரிங்ஸ்' ஒலிக்கு 'வில்லணிச் சாயல்' என்று பெயர் வைத்துவிடலாம். 1960களில் பர்மிங்காமில் செய்யப்பட்ட மெல்லோட்ரான் என்ற கீபோர்டுக்கும் அது பொருந்தும். அதில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு நாடா. உண்மையான வயலின்களைப் பதிவு செய்த நாடாதான், ஆனால் ஏறத்தாழ எட்டு நொடியில் தீர்ந்துவிடும், கட்டையை விட்டு மறுபடி அழுத்த வேண்டும். கலைஞர்களை அழைக்கக் காசில்லாத குழுவுக்குச் சாயல், இருக்கிற குழுவுக்கு அணி. மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "இத்தனை வருஷம் சாயலுக்குத்தான் சம்பளம் வாங்கினேனா" என்று சிரித்தார்.

கருவியின் அதிர்வைப் பிடித்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும் பிக்கப்பைப் பிக்கப் என்றே விட்டுவிடுகிறேன். அது ஒட்டப்படும் இடத்துக்கு நம்மிடம் 'குதிரை' என்ற சொல் இருக்கிறது, நரம்புகளைத் தாங்கும் கட்டையை வீணைக்காரர்கள் சொல்வது. டிரம்ஸ் பக்கத்தில் மைக் வைத்தால் வயலினைவிட சிம்பலைத்தான் அதிகம் பிடிக்கும். அதனால் மேடையில் குதிரையில் பிக்கப் ஒட்டுகிறார்கள், ஒலி கொஞ்சம் வறண்டாலும் பரவாயில்லை என்று. இந்த வாக்கியத்தில் புதுச்சொல் எதுவும் தேவைப்படவில்லை.

மடல் 7: தமிழாசிரியர்

வில்லணிக்கு என் ஒப்புதல். 'வில் கருவி' என்பதற்கு ஒரு கண்ணை அல்ல, இரண்டையும் மூடிக்கொள்கிறேன்.

ஆனால் பிறர் பாடலை வாசிக்கும் குழுவை ஆங்கிலத்தில் சொல்லும் 'கவர் குழு' என்பதற்கு என்ன செய்யப் போகிறீர்கள்? நன்னூல் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பிரிக்கிறது. முதற்பாடலைப் பின்பற்றி வருவது வழிப்பாட்டு. அதைப் பாடுகிறவர்கள் வழிப்பாட்டுக் குழு. பொருத்தமாக இல்லையா?

மடல் 8: கேட்டவர்

ஐயா, பொருத்தம்தான். 'நகல் குழு' என்று ஒருவர் தனிமடலில் சொன்னதைவிட ஆயிரம் மடங்கு மரியாதையானது. உடனே தலைப்பில் போட்டு என் தங்கையிடம் காட்டினேன். ஒற்றெழுத்தைக் கவனிக்காமல் 'வழிபாட்டுக் குழு' என்று படித்துவிட்டு, "பஜனைக்கு எதுக்குண்ணா செல்லோ?" என்று கேட்டாள்.

அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.