காப்பி முடிந்தது என்றது, கரண்ட் போனதும் படங்கள் திறக்கவில்லை – அவசரம்

நிழல்கடை: ஹார்ட் டிஸ்கில் ரைட் கேச்சிங்கை (எழுத வேண்டியதை முதலில் தற்காலிக நினைவகத்தில் வைத்துக்கொள்வது) எப்படி அணைப்பது? நேற்று கல்யாணப் படங்களை காப்பி போட்டேன். முழுதும் முடிந்து, திரையில் காப்பியைக் காட்டும் பெட்டியும் மூடிவிட்டது. சில நொடிகளில் கரண்ட் போச்சு. கடைசி 41 படங்கள் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஆல்பம் கொடுக்கணும்.

திருப்புளி: விண்டோஸா, லினக்ஸா? உள்ளே இருக்கும் டிஸ்கா, யூஎஸ்பியா? கேமரா கார்டில் படங்கள் இன்னும் இருக்கிறதா?

பழையபெட்டி: எஸ்எம்பிஎஸ் (பிசியின் பவர் சப்ளை) போயிருக்கும். எனக்கும் இப்படித்தான், மாற்றியதும் சரியானது.

கர்னல்: இதற்கு இங்கே நூறு முறை பதில் சொல்லியாச்சு. காப்பி முடிந்தது என்றால் கரண்ட் போனால் அழிகிற ராம் வரை போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான். தேடிப் படிக்கிற பழக்கமே இல்லாமல் போச்சு.

மின்மினி: டிஸ்கைக் கழற்றும் முன் சேஃப்லி ரிமூவ் கொடுத்தீர்களா? விண்டோஸ் 10, 1809 பதிப்பிலிருந்து யூஎஸ்பி டிஸ்குக்கு குயிக் ரிமூவல் (கேச்சில் வைக்காமல் எழுதுவது) தானே இயல்பு?

நிழல்கடை: யூஎஸ்பி இல்லை. விண்டோஸ் 10, உள்ளே இருக்கும் 2 டிபி. படத்தின் அளவெல்லாம் சரியாகத்தான் காட்டுகிறது, 12 எம்பி. டிஸ்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் பிழையே இல்லை என்கிறது!

திருப்புளி: ஒரு படத்தை ஹெக்ஸ் எடிட்டரில் (கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் மென்பொருள்) திறங்கள். ஜேபெக் என்றால் எஃப்எஃப் டி8 என்று தொடங்கணும். உங்களுக்கு 00 00 00 என்றே ஓடும், பாருங்கள். என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் டிஸ்கில் கோப்புகளை அடுக்கும் முறை) தன் ஜர்னலில், அதாவது மாற்றங்களின் பதிவேட்டில், எழுதி வைப்பது பெயர், அளவு, இடம் போன்ற விவரங்களைத்தான். படத்தை அல்ல. பட்டா பதிவாகிவிட்டது, வீடு கட்டவில்லை. செக்டிஸ்க் பட்டாவைப் பார்த்துவிட்டு சரி என்கிறது.

டிவைஸ் மேனேஜரில் அந்த டிஸ்கின் பாலிசீஸ் பக்கம் போங்கள். இரண்டு டிக் பெட்டி இருக்கும். மேலே உள்ளது டிஸ்கின் சொந்த கேச். அதை அணைத்தால் எழுதும் வேகம் படுத்துவிடும், ஆனால் விண்டோஸ் ராமில் வைத்திருப்பது அப்படியேதான் இருக்கும். கீழே உள்ளது ஃப்ளஷ் கட்டளையையே (கேச்சில் இருப்பதை உடனே டிஸ்கில் எழுதச் சொல்வது) நிறுத்துவது. அதில் டிக் இருக்கவே கூடாது.

நிழல்கடை: கீழேயும் டிக் இருக்கு. வேகம் கூடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். ஹெக்ஸில் எல்லாம் பூஜ்யம்தான்.

கர்னல்: வீடியோ!

பழையபெட்டி: இன்வெர்ட்டர் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

மின்மினி: இருந்தாலும் மாறுகிற நேரத்தில் பிசி ரீஸ்டார்ட் ஆகலாம். பவர் சப்ளை தாங்குவது 16 மில்லி நொடி போலத்தான். இன்வெர்ட்டரை யூபிஎஸ் மோடில் (சீக்கிரம் மாறும் அமைப்பு) போட்டீர்களா?

பழையபெட்டி: எங்கள் வீட்டில் ஆனதே இல்லை.

மின்மினி: உங்கள் வீட்டில் எஸ்எம்பிஎஸ்தானே போனது?

திருப்புளி: சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். நிழல்கடை, கார்டு என்ன ஆச்சு?

நிழல்கடை: காலையில் கேமராவிலேயே ஃபார்மட் பண்ணிட்டேன். அதுக்கப்புறம் எடுக்கவில்லை.

திருப்புளி: கேமராவில் மறுபடி போடாதீர்கள். அழிந்த படங்களை மீட்கும் ஃபோட்டோரெக் மென்பொருள் இலவசம்தான், அதில் ஓட்டுங்கள். மீட்பதை வேறு டிஸ்கில் சேமியுங்கள். கோப்பின் பெயர்கள் திரும்பாது, படம் வரலாம்.

கர்னல்: இதையும் முன்பே எழுதியிருக்கிறேன்.

நிழல்கடை: 38 கிடைச்சுது. தாலி கட்டுவது இருக்கு. நன்றி அண்ணா.

திருப்புளி: மகிழ்ச்சி. அந்தக் கீழ் டிக்கை எடுத்தீர்களா?

திருப்புளி: நிழல்கடை?