சூடானால் ஸ்டார்ட் ஆகாத மோரிஸ் மைனர், உதவுங்கள்

மைனர்_பேத்தி:
வணக்கம். தாத்தா விட்டுப்போன மோரிஸ் மைனர் 1000, 1960ஆம் ஆண்டு வண்டி, 948 சிசி. இருப்பது பினாங்கு, ஜெலுத்தோங்கில். காலையில் சோக்கை இழுத்துவிட்டு ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தால் உடனே பிடித்துக்கொள்ளும். ஓடும்போதும் ஒரு குறையும் இல்லை. அரை மணி நேரம் ஓட்டி, எங்காவது நிறுத்தி, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து வந்தால்தான் வம்பு. ஸ்டார்ட்டர் வேகமாகவே சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் பிடிப்பதில்லை. போன வெள்ளிக்கிழமை தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போனவள் அடிவாரத்திலேயே நாற்பது நிமிடம் நின்றேன். அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

பேட்டரி புதிது. இரண்டு மாதத்துக்கு முன்தான் பிளக், பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனை), கண்டென்சர் எல்லாம் மாற்றினேன். வொர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டால் நல்ல பிள்ளையாக ஸ்டார்ட் ஆகிறது. அங்கே இருக்கும் போமன் (மெக்கானிக்) கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

பட்டர்வொர்த்_120ஒய்:
வேப்பர் லாக்தான் தம்பி, சந்தேகமே வேண்டாம். சூட்டில் பெட்ரோல் லைனிலேயே ஆவியாகி வழியை அடைத்துவிடும். இப்போது வரும் பெட்ரோல் அந்தக் காலத்துப் பெட்ரோலைவிடச் சீக்கிரம் ஆவியாகும். மைனரில் கார்புரேட்டருக்குக் கீழேயே எக்ஸாஸ்ட் போகிறது. வண்டியை நிறுத்தியதும் காற்று நின்றுவிடும், சூடு முழுக்க மேலே ஏறும். ஈரத்துணியைப் பம்ப் மேலேயும் கார்புரேட்டர் மேலேயும் போட்டுப் பாருங்கள்.

மைனர்_பேத்தி:
தம்பி இல்லை அண்ணே, தங்கச்சி. நேற்று ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் மறுபடி நின்றுவிட்டது. நீங்கள் சொன்னபடி ஈரத்துணி போட்டுவிட்டு, போய் ஒரு லக்சா சாப்பிட்டு வந்தேன். ஸ்டார்ட் ஆனது! அப்படியானால் வேப்பர் லாக்தானே?

பழைய_போமன்:
குணமாக்கியது துணியா, லக்சாவா? அரை மணி நேரம் போனால் உங்கள் வண்டி தானாகவே சரியாகிறது. அந்த நேரத்தில் தேங்காய் உடைத்திருந்தாலும் ஸ்டார்ட் ஆகியிருக்கும். துணியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், கண்ணாடி துடைக்க ஆகும்.

எதையும் மாற்றாதீர்கள். வண்டி அடம்பிடிக்கும் அந்த இருபது நிமிடத்துக்குள் பாருங்கள், மற்ற நேரத்தில் பார்த்துப் பயன் இல்லை. வொர்க்‌ஷாப்பில் ஒன்றும் தெரியாமல் போனதும் அதனால்தான். முதலில் சாவியைத் திருப்பிக் காதைக் கொடுங்கள். எஞ்சின் அறையின் பின்சுவரில் இருக்கும் எஸ்யு பெட்ரோல் பம்ப் நாலைந்து தடவை டக் டக் என்று அடித்துவிட்டு நின்றால், கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணம் நிறைந்துவிட்டது, பெட்ரோல் வந்து சேர்கிறது. நிற்காமல் படபடவென்று அடித்தால் லைனில் ஆவியோ காற்றோ இருக்கிறது, அல்லது டாங்கி காலி. சத்தமே இல்லையென்றால் கிண்ணம் ஏற்கெனவே நிறைந்திருக்கலாம், பம்பின் பாயிண்ட் ஒட்டியும் இருக்கலாம். ஸ்க்ரூட்ரைவர் பிடியால் லேசாகத் தட்டிப் பாருங்கள்.

சூட்டில் கிண்ணத்துப் பெட்ரோல் பொங்கி எஞ்சினுக்குள் போயிருந்தாலும் ஸ்டார்ட் ஆகாது. அப்படியானால் பெட்ரோல் வாடை தூக்கலாக அடிக்கும். சோக்கைத் தொடாமல், ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி சுற்றினால் பிடித்துக்கொள்ளும்.

பெட்ரோல் வாடை இல்லை என்று உறுதியான பிறகு மட்டும் ஸ்பார்க்கைப் பாருங்கள். பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் வரும் தடித்த வயரைக் கழற்றி, ரப்பர் பிடி போட்ட குறட்டால் பிடித்து, எஞ்சின் பிளாக்கிலிருந்து 6 மி.மீ. தள்ளிக் காட்டுங்கள். வேறு யாராவது ஸ்டார்ட்டரை இழுக்கட்டும். நீலமாய் ‘சடக்’ என்று அடிக்க வேண்டும்.

மைனர்_பேத்தி:
ஞாயிற்றுக்கிழமை பத்து பெரிங்கி வரை ஓட்டிப்போய்த் திரும்பி, வீட்டு வாசலிலேயே நிறுத்திப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தேன். வண்டி சொன்னபடி மக்கர் செய்தது. இதற்கு நான் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

பம்ப் மூன்று தடவை அடித்துவிட்டு நின்றது. வாடை இல்லை. மிதித்துச் சுற்றியும் பிடிக்கவில்லை. என் தம்பி ஸ்டார்ட்டரை இழுக்க, நான் வயரைப் பிடித்தேன். ஸ்பார்க் மெல்லிசாக, ஆரஞ்சு நிறத்தில், நாலு தடவைக்கு ஒரு தடவைதான் வந்தது. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் நல்ல நீலம்.

பட்டர்வொர்த்_120ஒய்:
சரி, வேப்பர் லாக் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் ஸ்பார்க்குக்கு வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் காயில்தான். சூட்டில் உள்ளே சுருள் விட்டுப்போகும். புதுசு ஒன்று வாங்கிப் போடுங்கள்.

பழைய_போமன்:
காயிலாகவும் இருக்கலாம். ஆனால் காசு செலவில்லாத சோதனை ஒன்று பாக்கி இருக்கிறது. மறுபடி சூடாக்கி, அதே வயரின் முனையை இந்தத் தடவை பிளாக்கோடு ஒட்டவைத்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்துவைத்துச் சுற்றச் சொல்லுங்கள். பாயிண்ட் திறந்து மூடும் இடத்தை நிழலில் உற்றுப் பாருங்கள். பொட்டு அளவு பொறி தெரிந்தால் பரவாயில்லை. தடியாக, வெள்ளையாக எரிந்தால் கண்டென்சர் போயிற்று. பாயிண்ட் திறக்கும் நொடியில் அங்கே தாவப் பார்க்கும் மின்சாரத்தை விழுங்குவது அதன் வேலை. அது விழுங்கினால்தான் காயிலில் ஓட்டம் சட்டென்று நின்று பெரிய அழுத்தம் பிறக்கும். பாயிண்டில் நெருப்பு இருந்தால் பிளக்கில் நெருப்பு இருக்காது.

காயில்தான் வாங்க வேண்டும் என்றாகிவிட்டால் ஒன்றை மறக்காதீர்கள். உங்கள் வண்டிக்கு ஃபாக்டரியில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். யாராவது இடையில் மாற்றினார்களா என்று பேட்டரியைப் பார்த்துவிட்டுப் போங்கள். எலக்ட்ரானிக் இக்னிஷன் ஆசை வந்தாலும் இதே கதைதான், நெகட்டிவ் எர்த் வண்டிக்கான கிட்டை மாட்டினால் அது கருகிவிடும்.

மைனர்_பேத்தி:
ஆனால் கண்டென்சர் போட்டு இரண்டே மாதம்தான் ஆகிறது அண்ணே.

பழைய_போமன்:
அதனால்தான் சந்தேகப்படுகிறேன். பிரச்சினை எப்போது ஆரம்பித்தது?

மைனர்_பேத்தி:
...இரண்டு மாதமாகத்தான்.

மைனர்_பேத்தி:
நேற்றுச் சோதித்தேன். பாயிண்டில் வெல்டிங் பட்டறைபோல் எரிகிறது. கழற்றிப் பார்த்தால் ஒரு முகத்தில் குழி, எதிர் முகத்தில் சின்ன மேடு. தாத்தாவின் மைலோ டின்னில் பழைய கண்டென்சரைப் போட்டுவைத்திருந்தேன், நல்லவேளை எறியவில்லை. அதையே மாட்டி, பாயிண்ட்டைத் தேய்த்துச் சமமாக்கி, இடைவெளி 0.4 மி.மீ. வைத்தேன். இன்று மதியம் வேண்டுமென்றே தண்ணீர்மலைக்கு ஓட்டிப்போய்ப் பதினைந்து நிமிடம் நிறுத்தினேன். முதல் இழுப்பிலேயே பிடித்துவிட்டது. நன்றி அண்ணே.

ஒன்று மட்டும் புரியவில்லை. கண்டென்சர் கெட்டிருந்தால் ஓடும்போது ஏன் திணறவில்லை?

பழைய_போமன்:
ஓடும்போது டைனமோ கொடுப்பதால் காயிலுக்குப் பேட்டரி அளவைவிடக் கூடுதலாகவே வோல்ட் கிடைக்கும், விசிறிக் காற்றும் படும். நிறுத்திய பத்து நிமிடத்தில் எஞ்சின் சூடு டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஏறிவிடும். அந்த நேரம் பார்த்து ஸ்டார்ட்டரை இழுத்தால் அது பேட்டரியை உறிஞ்சும், காயிலுக்கு 10 வோல்ட் கிடைத்தாலே அதிகம். அரை உயிர் கண்டென்சர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறது. குழி விழுந்த அந்தப் பாயிண்ட்டை அடுத்த மாதம் மாற்றிவிடுங்கள். கழற்றியதை மைலோ டின்னில் போடாதீர்கள், குப்பையில் போடுங்கள்.

பட்டர்வொர்த்_120ஒய்:
அண்ணே, நம்ம டட்சனுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்வரை எஞ்சின் ஓடுகிறது, விட்ட உடனே அணைந்துவிடுகிறது. கார்புரேட்டர்தானே?

பழைய_போமன்:
இல்லை. காயில் பக்கத்தில் வெள்ளைப் பீங்கான் துண்டு ஒன்று இருக்கும், பலாஸ்ட் ரெசிஸ்டர். ஸ்டார்ட் செய்யும்போது கரண்ட் அதைத் தொடாமல் வேறு வழியில் போகும், சாவியை விட்டதும் அதன் வழியாகத்தான் வரவேண்டும். அது விட்டுப்போயிருக்கும், மீட்டர் வைத்துப் பாருங்கள். மிச்சத்துக்குத் தனி இழை போடுங்கள், இது தங்கச்சியுடையது.