மொரோவிண்ட்: நெரெவரைன் உண்மையிலேயே மறுபிறவியா, இல்லை ஆக்கப்பட்டவனா?

லிந்துலை_மழை:

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். மொரோவிண்ட் கதையில் ஒரு விஷயம் மண்டையைக் குடைகிறது. பழங்காலத் தலைவன் நெரெவர் மறுபடி பிறந்து வருவான் என்று அதில் ஒரு தீர்க்கதரிசனம், அப்படி வருகிறவனுக்குப் பெயர் நெரெவரைன். கேம் 2002இல் வந்தது, நான் பிறந்ததே அதற்குப் பிறகுதான், ஆனாலும் இரண்டு மாதமாக வேறெதையும் தொடவில்லை. என்னிடம் இருப்பது அண்ணன் கொழும்பில் வேலை செய்தபோது வாங்கிய பழைய லெப்டொப், புதுக் கேம் எதுவும் அதில் ஓடாது, இந்தக் கேமை ஓட்டும் இலவச எஞ்சின் ஓபன்எம்டபிள்யூ போட்ட பிறகு இது மட்டும் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது.

இதே தொடரில் பிறகு வந்த ஸ்கைரிம்மை முதலில் விளையாடிவிட்டு வந்ததால்தான் இந்தக் குழப்பம் என்று நினைக்கிறேன். அதில் காவல் கோபுரத்துக்குப் பக்கத்தில் முதல் டிராகனைக் கொன்றதுமே அதன் ஆன்மா நமக்குள் இறங்குகிறது, மலை உச்சியில் இருக்கும் கிழவர்கள் ஊரே அதிரக் கூப்பிடுகிறார்கள், இவன்தான் டிராகன்போர்ன் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. கைதியாகக் கப்பலில் ஏற்றி வந்து செய்டா நீனில் இறக்கிவிடுகிறார்கள், ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்து பல்மோராவில் ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடு என்கிறார்கள், அவ்வளவுதான். ஊர் ஊராக அலைந்து ஆஷ்லாண்டர் என்ற நாடோடி மக்களின் ஊர்ஷிலாகு முகாமுக்குப் போய்ச் சேர்ந்தால், குறி சொல்லும் நிபானி மேசா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நீ நெரெவரைன் இல்லை, நெரெவரைன் ஆகக்கூடிய ஒருவன், அவ்வளவுதான் என்கிறாள். ராத்திரி ஒரு மணிக்கு அதை வாசித்துவிட்டுத் தூக்கமே வரவில்லை.

அந்தப் பழைய நெரெவரின் உயிர் நம் ஆளுக்குள் உண்மையிலேயே இருக்கிறதா? இல்லை, யார் வந்திருந்தாலும் இதே வேலையைச் செய்திருக்க முடியுமா? முடிவைச் சொன்னாலும் பரவாயில்லை, எனக்குக் கதை விளங்கினால் போதும்.

பண்டாரவளை_டீச்சர்:

தம்பி, நிபானி மேசா சொன்னதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரைக்கும் தேவைப்படும். நான் ஆக்கப்பட்டவன் என்ற பக்கம்.

நீங்கள் கையஸ் கொசேட்ஸிடம் கொடுத்த பொட்டலம் சங்கேத எழுத்தில் இருந்தது அல்லவா, அதைப் பிரித்து எழுதிய தாளை அவர் பிறகு உங்களிடமே தருவார். உள்ளூர் மக்கள் நம்பும் தீர்க்கதரிசனத்துக்கு இந்தக் கைதி வெளிப்பார்வைக்குப் பொருந்துகிறான், அதனால் பேரரசர் இவனை விடுதலை செய்கிறார் என்பதுதான் அதன் சாரம். அந்தத் தீர்க்கதரிசனம் சொல்லும் ஏழு சோதனையில் முதலாவதே குறிப்பிட்ட ஒரு நாளில், தாய் தகப்பன் இன்னார் என்று தெரியாமல் பிறந்திருக்க வேண்டும் என்பது. அப்படிப்பட்ட ஆள் ஒருவன்தான் இருப்பானா? சிறைச்சாலைப் பதிவேட்டைப் புரட்டினால் பத்துப் பேர் கிடைப்பார்கள்.

இரண்டாவது, நோயும் மூப்பும் அவனைத் தீண்டாது. அதுவும் பிறவியிலேயே வந்தது இல்லை. உங்களுக்கு கோர்ப்ரஸ் நோய் தொற்றும், டெல் ஃபிர் கோபுரத்தில் டிவெய்த் ஃபிர் என்ற மந்திரவாதி ஒரு மருந்து கொடுப்பார், அது நோயின் கெடுதலை மட்டும் எடுத்துவிட்டு நல்லதை உடம்பிலேயே விட்டுவிடும். அப்புறம் ஹ்லாலு, டெல்வானி, ரெடோரான் என்ற மூன்று பெரிய வீடுகள், அதாவது ஆளும் குலங்கள், உங்களை ஹோர்டேட்டர், அதாவது போர்த்தலைவர், என்று ஏற்க வேண்டும், நான்கு ஆஷ்லாண்டர் கூட்டங்கள் நெரெவரைன் என்று ஏற்க வேண்டும். இந்த ஒப்புதல்கள் எப்படிக் கிடைக்கின்றன என்று பாருங்கள். ஹ்லாலு வீட்டில் காசு கொடுத்து வாங்குகிறோம். டெல்வானி வீட்டில் தலைவர் கோத்ரென் இழுத்தடித்துக்கொண்டே இருப்பார், அவரைக் கொல்லாமல் காரியம் ஆகாது. ஸைனாப் கூட்டத்துத் தலைவர் தனக்கு உயர்குல டெல்வானிப் பெண் வேண்டும் என்பார், நாம் ஓர் அடிமைப் பெண்ணுக்கு நல்ல உடுப்புப் போட்டு வாசனை பூசிக் கொண்டுபோய் நிறுத்துவோம். தெய்வத்தின் பிறவிக்கு இதெல்லாம் எதற்கு?

ஆனால் ஆக்கப்பட்டவன் என்றால் பொய்யானவன் என்று நான் சொல்லவில்லை. எங்கள் தோட்டத்தில் மாசியில் பிறை பார்த்துக் காமன் ஊன்றுவார்கள். என் மாமா மூன்று வருஷம் மதன் வேஷம் கட்டினார். காப்புக் கட்டின நாளிலிருந்து விரதம், கவிச்சி கிடையாது, படுக்கை வெறும் தரையில். நான் சின்னப் பிள்ளை, முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன், கரும்பு வில்லைப் பிடித்திருக்கும் அவர் கை எனக்கு நேராகத் தெரியும். கவ்வாத்துக் கத்தி பட்டு நகம் இரண்டாகப் பிளந்த பெருவிரல், அதன்மேல் அரிதாரம், மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. அந்த விரலை எனக்கு நன்றாகத் தெரியும், எனக்குப் பலாக்கொட்டை சுட்டு உரித்துத் தந்த விரல். ஆனாலும் சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்கிற ராத்திரி ஆத்தா, பெற்ற மகனை, சாமி என்று கையெடுத்துக் கும்பிட்டார். ரதி ஒப்பாரி வைக்கும்போது பொட்டல் முழுக்க அழும். அங்கே யாரும் இது நடிப்பு என்று நினைத்து அழுவதில்லை, மாமாவும் அந்த நேரம் மாமா இல்லை. நெரெவரைனும் எனக்கு அப்படித்தான். பேரரசர் காப்புக் கட்டிவிட்டார், விரதம் இவன் இருந்தான், ஊர் ஏற்றுக்கொண்டது, தெய்வம் இறங்கியது.

மஸ்கெலியா_மூடுபனி:

டீச்சர் அக்கா சொன்ன காமன் கூத்து விஷயம் மனதைத் தொட்டது, எங்கள் டிவிஷனிலும் உண்டு. ஆனால் அக்கா மூன்றாவது சோதனையை அப்படியே தாண்டிப் போய்விட்டார்.

மூன்றாவது சோதனை ஒரு மோதிரம். சந்திரனும் நட்சத்திரமும் என்ற அந்த மோதிரம் நெரெவருடையது, அசூரா என்ற தெய்வத்தின் ஆசி பெற்றது, வேறு யார் விரலில் போட்டாலும் அந்த இடத்திலேயே சாவு. மற்றச் சோதனைகளில் காசு கொடுக்கலாம், ஏமாற்றலாம், மருந்து குடிக்கலாம். மோதிரத்தை எப்படி ஏமாற்றுவது? போட்டோம், உயிரோடு இருக்கிறோம், அதன் பிறகு அசூராவே பேசுகிறாள். கதையின் வில்லன் டகோத் ஊர் வேறு ஆரம்பத்திலிருந்தே நம் கனவில் வந்து பழைய நண்பனிடம் பேசுகிற மாதிரிப் பேசுகிறான். அவன் பைத்தியம்தான், ஆனால் நெரெவரோடு தோளோடு தோள் நின்ற ஆள், அவனுக்கு ஆள் அடையாளம் தெரியாதா?

நான் மறுபிறவிப் பக்கம், இந்த மோதிரத்துக்குப் பதில் கிடைக்கிற வரைக்கும்.

ஹட்டன்_ஸ்டேஷன்:

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும், ஓபன்எம்டபிள்யூ போனில் ஓடுமா?

லிந்துலை_மழை:

அன்ரொயிட் போனில் ஓடும் அண்ணே. கேமின் ஒரிஜினல் ஃபைல்கள் கையில் இருக்க வேண்டும், ஓபன்எம்டபிள்யூ எஞ்சின் மட்டும்தான் இலவசம். போன் திரையில் எழுத்து ரொம்பச் சின்னதாக வரும், இந்தக் கேமில் வாசிப்புத்தான் பாதி, அதனால் முடிந்தால் லெப்டொப்பிலேயே ஆடுங்கள்.

தலவாக்கலை_77:

நான் இதை 2000களிலேயே நெட் கஃபேயில் ஆடத் தொடங்கியவன், மணித்தியாலத்துக்குக் காசு கட்டி. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நெரெவர் எப்படிச் செத்தார் என்று பார்க்க வேண்டும், அதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் யுகம் 700இல் சிவப்பு மலையில் போர். ட்வீமர் இனத்துக் ககிரெனாக், லோர்கான் என்ற இறந்துபோன தெய்வத்தின் இதயத்தில் கை வைத்ததும் அந்த இனமே ஒரே நொடியில் காணாமல் போகிறது. அதற்குப் பிறகு நடந்ததில்தான் சண்டை. போரில் பட்ட காயத்தால் நெரெவர் இறந்தார் என்கிறது கோவில். கோவில் கும்பிடும் விவெக், அல்மலெக்ஸியா, சோதா சில் மூன்று பேரும் சேர்ந்து அவரைக் கொன்றுவிட்டு, இதயத்தின் சக்தியை எடுத்துத் தாங்களே தெய்வமானார்கள் என்கிறார்கள் ஆஷ்லாண்டர்கள். அந்தக் கொலைக்கு அசூரா போட்ட சாபத்தில்தான் மொரோவிண்ட் மக்களின் தோல் சாம்பல் நிறமாகி, கண் சிவந்தது என்பது அவர்கள் பேச்சு. கேம் எங்கேயும் நடுவராக வந்து தீர்ப்புச் சொல்வதில்லை, ஆளுக்கொரு புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு விலகிக்கொள்கிறது.

ஆனால் விவெக் ஓரிடத்தில் வாயைத் திறந்துவிடுகிறார். அவருடைய 36 பாடங்கள் என்று சின்னச் சின்னப் புத்தகங்கள் கடைகளிலும் கோவில்களிலும் கிடக்கும், பெரும்பாலானவர்கள் விளங்கவில்லை என்று மூடிவிடுவார்கள். 29ஆம் பாடத்தில் ஓர் எண் வரிசை இருக்கிறது. அந்த எண்களை வைத்து ஒவ்வொரு பாடத்திலும் அத்தனையாவது சொல்லை எடுத்துக் கோத்தால், அவன் தெய்வமாகப் பிறக்கவில்லை, விதி அவனை இந்தக் குற்றத்துக்குக் கொண்டுவரவில்லை, தானாகவே தேர்ந்தெடுத்தான், ஹோர்டேட்டரைக் கொன்றான் என்ற பொருளில் ஒரு வாக்குமூலம் வரும். கடைசிப் பாடத்தில் பத்திகளின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் கொடுங்கொலை என்று பொருள்படும் சொற்கள். நான் கொப்பியில் எண் போட்டு ஒவ்வொரு சொல்லாக எண்ணி எழுதினேன், பாதிக்கு வந்தபோது கை குளிர்ந்துவிட்டது.

இந்த வாக்குமூலம் உங்கள் கேள்விக்குள்ளேயே வருகிறது பாருங்கள். விதி கொண்டுவரவில்லை, தானே தேர்ந்தெடுத்தான் என்று தெய்வமே ஒத்துக்கொள்கிற உலகத்தில் ஹீரோ மட்டும் எப்படி விதியால் பிறந்திருப்பான்? அதோடு, கதைக்கு முக்கியமான ஆளை நீங்கள் கொன்றுவிட்டால், தீர்க்கதரிசனத்தின் இழை அறுந்தது, பழைய சேமிப்புக்குத் திரும்பு, இல்லையேல் நீ உண்டாக்கிய இந்த நாசமான உலகத்திலேயே இரு என்று ஒரு செய்தி வரும். மற்றக் கேம்களில் தோற்றுப் போனாய் என்று வரும், இதில் தொடர்ந்து இரு என்கிறது. தொடர்ந்து ஆடினால் வேறொரு வழியும் இருக்கிறது. விவெக்கையே கொன்று, லோர்கானின் இதயத்தை அழிக்கும் கருவிகளைப் பிடிக்கத் தேவையான, அவரிடமிருக்கும் ரெய்த்கார்ட் என்ற கையுறையை எடுத்து, டெல் ஃபிர் அடித்தளத்தில் இருக்கும் கடைசி ட்வீமர் யக்ரம் பகார்னிடம் கொடுத்தால் அவர் அதை ஒருவாறு சரிசெய்து தருவார். அதைப் போடும்போது உயிர்ப்பலம் நிரந்தரமாகக் குறையும், ஆனாலும் டகோத் ஊரின் கதையை முடிக்கலாம். அந்த வழியில் மோதிரமும் வேண்டாம், ஹோர்டேட்டர் பட்டமும் வேண்டாம்.

தஞ்சாவூர்ப் பக்கம் லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று மதனை வைத்து விடிய விடிய வாதாடுவார்களாம். நமக்கும் இது அப்படித்தான், நான் இரண்டு கட்சியிலும் உட்கார்ந்து பார்த்தவன். இப்போதைக்கு டீச்சர் கட்சி.

பண்டாரவளை_டீச்சர்:

மூடுபனித் தம்பி கேட்ட மோதிரத்துக்கு என் பதில். மோதிரம் இருக்கும் அசூராவின் குகைக்குள் தோற்றுப்போன நெரெவரைன்களின் ஆவிகள் நிற்கும். பீக்ஸ்டார், கோனூன் சோடாலா, இன்னும் சிலர். அவர்களைப் போலிகள் என்று அசூரா வெளியே தள்ளவில்லை, தன் காலடியிலேயே வைத்திருக்கிறாள், அவர்களும் தங்களிடம் இருந்ததை நம் கையில் கொடுத்து வழியனுப்புகிறார்கள். எனக்கு என்ன தோன்றுகிறது என்றால் நெரெவரின் உயிர் அவர்களிடமும் வந்து தங்கியிருக்கலாம், முடிக்க அவர்களால் முடியவில்லை. மோதிரம் பார்ப்பது பிறப்பை இல்லை, எவ்வளவு தூரம் நடந்து வந்தாய் என்பதை. மோதிரத்தில் எழுதியிருக்கிறதா அக்கா என்று கேட்டால் இல்லைதான், என் வாசிப்பு இது.

மஸ்கெலியா_மூடுபனி:

அந்த ஆவிகளை நான் இப்படி யோசித்ததே இல்லை. முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை அக்கா, ஆனால் கோனூன் சோடாலாவிடம் திரும்பப் போய் ஒருமுறை பேச வேண்டும்.

லிந்துலை_மழை:

இரண்டு கிழமை கழித்து எழுதுகிறேன். நடுவில் மழை, கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. கோர்ப்ரஸ் வந்து, மருந்து குடித்து, குகைக்கும் போய்விட்டேன். அதன் கதவு விடியலிலும் அந்தியிலும் மட்டும்தான் திறக்கும், நான் போய்ச் சேர்ந்தபோது கேமில் நடுச்சாமம். ஓய்வு எடுத்து நேரத்தைத் தள்ளாமல் வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றேன். இங்கேயும் விடியப் போகிற நேரம், அம்மா மலைக்குப் புறப்பட ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார்.

உள்ளே போனதும் மோதிரத்தை எடுக்கலாம், அசூராவின் சிலை கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். போட்டதும் அவள் குரல், மூன்று சோதனை முடிந்தது, இன்னும் இரண்டு இருக்கிறது என்றாள். அதன் பிறகுதான் ஆவிகள் வந்தார்கள். டீச்சர் அக்கா சொன்னதால் ஒருவரையும் விடாமல் ஒவ்வொருவராகப் போய்ப் பேசினேன், அவர்கள் சொன்னதை முழுக்க வாசித்தேன். பீக்ஸ்டாரிடம் இரண்டு தடவை.

சரி, இப்போது ஹோர்டேட்டர் ஆக வேண்டும். ரெடோரானில் தொடங்கவா, ஹ்லாலுவில் தொடங்கவா? என்னிடம் காசு ரொம்பக் குறைவு.