மல்லி பூக்கவில்லை, மீன் அமிலம் இன்னும் ஊற்றலாமா?

*நம்ம வீடு (குடும்பக் குழு)*
பிப்ரவரி, ஞாயிறு

*தர்மபுரி சித்தி* காலை 7:12
📷 புகைப்படம்
மாமா, இதைப் பாருங்கள். மாடியில் வைத்த குண்டுமல்லி. இலை கருகருவென்று இருக்கிறது, கொடி ஒரு ஆள் உயரம் போய்விட்டது. ஒரு மொட்டு கூட இல்லை. இரண்டு மாதமாக வாரம் தவறாமல், மீன் கழிவில் செய்த மீன் அமிலம் ஊற்றுகிறேன். அளவைக் கூட்டட்டுமா?

*பாலக்கோடு அத்தை* 7:20
கொடி நல்ல செழிப்பு!

*காரிமங்கலம் பெரியப்பா* 7:41
கூட்டாதே கண்ணு, முதலில் நிறுத்து. மீன் அமிலத்தில் தழைச்சத்துதான் அதிகம். அது இலைக்கும் கொடிக்கும் போகும். வாரா வாரம் கொடுத்தால் செடி வளர்ந்துகொண்டே இருக்கும், பூக்கிற எண்ணமே வராது.

*காரிமங்கலம் பெரியப்பா* 7:43
எவ்வளவு ஊற்றினாய்?

*தர்மபுரி சித்தி* 7:45
ஒரு லிட்டர் தண்ணீருக்கு மூன்று மூடி மாமா. மீன் கடையில் செதில், குடல் வாங்கி சம எடை வெல்லம் போட்டு 21 நாள் மூடி வைத்து நானே செய்தது.

*காரிமங்கலம் பெரியப்பா* 7:52
செய்த முறை சரி. ஆனால் லிட்டருக்கு 5 முதல் 10 மில்லி போதும், அதுவும் 15 நாளுக்கு ஒரு முறை. காய்ந்த மண்ணில் அப்படியே ஊற்றக் கூடாது, முதலில் வெறும் தண்ணீர் விட்டு மண்ணை நனைக்க வேண்டும்.

*ஓசூர் அக்கா* 8:05
சித்தி, போன வருடம் நான் அளக்காமல் ஊற்றி ரோஜா இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. அதிலிருந்து மருந்து மூடியில் அளந்துதான் ஊற்றுகிறேன்.

*காரிமங்கலம் பெரியப்பா* 8:18
ஒன்று சொல்கிறேன், எல்லோரும் கேளுங்கள். கரைசல் எல்லாம் தொட்டுக்கொள்ளும் ஊறுகாய். சோறு மண்ணில்தான் இருக்கிறது. தொட்டியில் மக்கிய தொழுவுரம் போட்டு எத்தனை நாள் ஆயிற்று?

*தர்மபுரி சித்தி* 8:20
நட்டபோது போட்டது மாமா. ஒன்றரை வருடம் ஆகிறது.

*காரிமங்கலம் பெரியப்பா* 8:31
அதுதான். மேல் மண்ணை இரண்டு விரல் ஆழம் கிளறி, இரண்டு கை மக்கிய உரம், ஒரு கை மண்புழு உரம் போடு. அப்புறம் கொடியை வெட்டு. மல்லி புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். கார்த்திகை, மார்கழியிலேயே கவாத்து செய்திருக்க வேண்டும். தொட்டிச் செடிதானே, இப்போது செய்தாலும் சித்திரைக்குள் பூத்துவிடும். நீண்ட கொடியைப் பாதியாகக் குறை, பழைய இலையை உருவி விடு.

*தர்மபுரி சித்தி* 8:33
ஐயோ, இவ்வளவு வளர்ந்ததை வெட்டுவதா 😔

*பாலக்கோடு அத்தை* 8:36
வெட்டு, பயப்படாதே. நம் தோட்டத்தில் அண்ணா வெட்டும்போது பார்க்கவே மனசு ஆறாது. பங்குனியில் போய்ப் பார், விடிகாலையில் கூடை கொள்ளாது.

*ஓசூர் அக்கா* 8:44
அப்பா, பூக்க வைக்க எந்தக் கரைசல்?

*காரிமங்கலம் பெரியப்பா* 9:02
தேமோர். தேங்காய்ப்பாலும் புளித்த மோரும் சம அளவு, மூடி ஏழு நாள் நிழலில் வை. தினமும் ஒரு தடவை கலக்கு. லிட்டருக்கு 30 மில்லி, துளிர் வந்தபின் தெளி. சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துச் செய்கிற பஞ்சகவ்யாவும் அதே 30 மில்லிதான், 3 சதவீதம். பஞ்சகவ்யாவைப் பரப்பிய கொடுமுடி டாக்டர் நடராஜன் சொன்ன அளவு அது. இரண்டையும் ஒரே நாளில் அடிக்காதே. வெயிலுக்கு முன், இல்லையென்றால் மாலை 4 மணிக்கு மேல். பறிக்கப் போகும் பூ மேல் வேண்டாம், வாடை ஒட்டும்.

*பாலக்கோடு அத்தை* 9:10
அடுப்புச் சாம்பல் போடலாமா? சாம்பல் சத்து என்று சொல்வார்களே.

*காரிமங்கலம் பெரியப்பா* 9:19
ஒரு சிட்டிகை போதும். தர்மபுரி போர் தண்ணீர் உப்பு, சாம்பலுக்கும் காரத்தன்மை உண்டு. இரண்டும் சேர்ந்தால் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். முடிந்தால் மழைநீர் பிடித்து ஊற்று.

*காரிமங்கலம் பெரியப்பா* 9:20
வெயில் எத்தனை மணி நேரம் படுகிறது?

*தர்மபுரி சித்தி* மதியம் 1:36
காலையிலிருந்து பார்த்துவிட்டேன் மாமா. தண்ணீர்த் தொட்டி நிழல் பதினொன்றரை வரை செடி மேலேயே விழுகிறது. இப்போது கிழக்கு மூலைக்கு நகர்த்திவிட்டேன். தம்பி பிடித்தான்.

*காரிமங்கலம் பெரியப்பா* 1:50
நல்லது. ஆறு மணி நேரமாவது வேண்டும்.

*தர்மபுரி சித்தி* மாலை 6:15
📷 புகைப்படம்
வெட்டிவிட்டேன். மோர் புளிக்க வைத்தாயிற்று. தேங்காய் ஒன்று போதுமா?

*பாலக்கோடு அத்தை* 6:18
மூன்று தொட்டிக்கு ஒன்று தாராளம். பழைய வேட்டித் துணியில் இரண்டு தடவை வடி, இல்லையென்றால் தெளிப்பான் மூக்கு அடைத்துக்கொள்ளும்.