கேட்காமலே எடுக்கலாம் என்று சட்டம் வந்தால்?

கொட்டகலைக்காரன்:
இங்கிலாந்தில் 2020 மே மாதத்திலிருந்து, வேண்டாம் என்று பதிந்து வைக்காத பெரியவர்கள் உறுப்புத் தானத்துக்குச் சம்மதித்தவர்களாகவே கணக்கு. வேல்ஸில் 2015-லேயே வந்துவிட்டது. நம் இலங்கையில் இன்னும் 1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம்தான், உயிரோடு இருக்கும்போதே எழுதி வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் செத்த பிறகு சொந்தக்காரர்கள் சம்மதிக்க வேண்டும். டயலிசிஸுக்காகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து விடியக்காலை பஸ் ஏறிக் கண்டிக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவர்களைப் பார்த்தவன் யாரும் இது இப்படியே இருக்கட்டும் என்று சொல்ல மாட்டான். இங்கேயும் மாற்ற வேண்டும். வேண்டாம் என்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

ராகலை அக்கா:
காரணம் இருக்கிறது தம்பி. எங்கள் மாமா ஆஸ்பத்திரியில் தவறியபோது (எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம்) அத்தையிடம் ஒரு தாளை நீட்டினார்கள். முழுக்கச் சிங்களம். "அம்மே, மெதன" என்று விரலால் காட்டினார்கள், அத்தை இடது பெருவிரலை மையில் தொட்டு வைத்துவிட்டு மையைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். பிரேதத்தைக் கையளிக்கிற தாளா, வேறு எதற்காவதா, இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. நீங்கள் சொல்கிற அதே 1987-ல்தான் அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் வந்து தமிழும் ஆட்சி மொழி ஆனது. இப்போது சொல்லுங்கள், வேண்டாம் என்று பதிய அத்தை எந்தக் கந்தோருக்குப் போவார், எந்த மொழியில் படிவம் நிரப்புவார்? நீங்கள் கேட்கிற சட்டத்தில் வாய் திறக்காதவர் எல்லாரும் சம்மதித்தவர். எங்கள் ஆட்களுக்கு வாய் திறக்க வழியே இல்லை.

பண்டாரவளை 71:
அக்கா சொல்வது நியாயம். அதோடு, இந்தியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து இங்கே கிட்னி மாற்றிய விவகாரம் 2016-ல் வெடித்து, வெளிநாட்டவர்களுக்குச் செய்வதையே அரசாங்கம் நிறுத்தியது ஞாபகம் இருக்கிறதா? கடன்பட்டவனிடம் கிட்னியை விலை பேசுகிறவன் செத்தவனை மட்டும் சும்மா விடுவானா?

கொட்டகலைக்காரன்:
அண்ணே, அது உயிரோடு இருப்பவர்களிடம் காசு கொடுத்து வாங்குகிற கதை. செத்தவர்களிடமிருந்து கிடைக்காததால்தான் அந்த வியாபாரமே ஓடுகிறது. அப்புறம், தோட்டத்து லயத்து வீட்டில் செத்தவரிடமிருந்து கிட்னி எடுக்கவே முடியாது. மூளைச்சாவு ஆகி, ஐசியூவில் வென்டிலேட்டரில் இதயம் துடித்துக்கொண்டிருப்பவரிடமிருந்துதான் பெரும்பாலும் எடுப்பார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் பனடோல் கிடைத்தாலே பெரிய விஷயம், அங்கே யார் அண்ணே வென்டிலேட்டர் வைத்திருக்கிறார்கள்?

வெள்ளை_உடுப்பு:
வார்டில் வேலை செய்கிறவள் என்பதால் ஒன்று சொல்கிறேன். கண் அப்படி இல்லை. வீட்டில் செத்தாலும் சில மணி நேரத்துக்குள் கருவிழியை எடுத்துவிடலாம். ஹட்சன் சில்வா 1961-ல் தொடங்கிய கண் தானச் சங்கம் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குக் கருவிழி அனுப்பியிருக்கிறது, அதற்கு யாரையும் கேட்காமல் எடுக்கும் சட்டம் தேவைப்படவில்லை. சனங்கள் தானம் என்று நினைத்து மனதோடு எழுதிக் கொடுத்தார்கள். ஸ்பெயினைப் பாருங்கள். 1979-லேயே இந்த மாதிரிச் சட்டம் போட்டார்கள், ஆனாலும் இன்றுவரை குடும்பத்தைக் கேட்காமல் எடுப்பதில்லை. அங்கே எண்ணிக்கை ஏறியது 1989-ல் தேசிய அமைப்பு ஒன்றை உண்டாக்கி, ஆஸ்பத்திரிகளில் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசப் பயிற்சி பெற்ற ஆட்களைப் போட்ட பிறகுதான். மகன் ஐசியூவில் கிடக்கிறான், நெஞ்சு ஏறி இறங்குகிறது, உடம்பு சூடாக இருக்கிறது, அவன் செத்துவிட்டான் என்று ஒரு அம்மாவுக்கு அரைகுறைத் தமிழில் புரிய வைக்க முடியுமா? நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்திருக்கிறேன், அது என் வேலையே இல்லை, வேறு ஆள் இல்லாததால் கூப்பிட்டார்கள்.

பண்டாரவளை 71:
இதைத்தான் நானும் சொன்னேன்.

கொட்டகலைக்காரன்:
நீங்கள் சொன்னது கிட்னித் திருட்டு அண்ணே, இது வேறு. மிஸ் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், ஆள் போடட்டும். ஆனால் எல்லாம் சரியான பிறகு சட்டம் என்றால் இந்த நாட்டில் எப்போது வரும்? சட்டம் வந்தால்தான் ஆள் போட வேண்டிய கட்டாயமே வரும்.

ராகலை அக்கா:
1987-ல் மொழிக்கும் சட்டம் வந்தது, அத்தை பெருவிரலைத்தான் வைத்தார். முதலில் ஐசியூ வாசலில் தமிழ் பேசும் ஒருவரைப் போடச் சொல்லி மனு எழுதுங்கள், எங்கள் டிவிஷன் முழுக்கக் கையெழுத்து வாங்கித் தருகிறேன்.

கொட்டகலைக்காரன்:
எழுதுகிறேன் அக்கா. இரண்டையும் ஒரே மனுவில்தான் எழுதுவேன்.

ராகலை அக்கா:
அப்படியென்றால் ஒரு கையெழுத்தும் கிடைக்காது.