தண்ணீருக்குச் சதுர அடிக் கணக்கா, வீட்டுக்கு வீடு மீட்டரா?

வரவுசெலவு:
சென்னை ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு, 120 வீடுகள், தரைத்தளம் போக 9 மாடி. போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும்தான் ஆதாரம். மொத்தத் தண்ணீர்ச் செலவும் மெயின்டனன்ஸோடு சேர்ந்து சதுர அடிக் கணக்கில் வசூலாகிறது. அடுத்த பொதுக்குழுவில் வீட்டுக்கு வீடு மீட்டர் வைக்கத் தீர்மானம் வருகிறது. என் ஓட்டு மீட்டருக்குத்தான்.

தலைக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசு திட்டமிடலில் வைக்கும் அளவு. 1,600 சதுர அடி வீட்டில் வயதான இருவர் இருந்தால் 270 லிட்டர். 1,000 சதுர அடியில் ஐந்து பேர் என்றால் 675 லிட்டர். ஆனால் 60 சதவீதம் அதிகம் கட்டுவது அந்த இருவர். இதை நியாயம் என்று யாராவது சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்பதாம்_மாடி:
நியாயம் சரி சார், குழாயைப் பார்த்தீர்களா? ஒரு வீட்டுக்கு ஒரே குழாய் வருவது தனி வீட்டில். இங்கே ஷாஃப்ட் (குழாய்கள் போகும் செங்குத்துச் சந்து) வழியாக மொட்டைமாடி டேங்கிலிருந்து இறங்கும் டவுன்கமர் குழாய்களிலிருந்து இரண்டு பாத்ரூம், கிச்சன், வாஷிங் மெஷின் இடம் என்று நாலு தனி இணைப்பு. அதாவது வீட்டுக்கு நாலு மீட்டர், மொத்தம் 480. பிளஷ் தனி லைன், அதில் எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) தண்ணீர் வருவதால் அதை விட்டுவிடலாம்.

அடுத்தது அழுத்தம். மேல்மாடி ஷவருக்கும் ஓவர்ஹெட் டேங்கின் அடிமட்டத்துக்கும் நடுவே இருப்பது சுமார் 10 அடி உயரம், அழுத்தக் கணக்கில் 0.3 பார்தான். மீட்டர் தாளிலோ அழுத்த இழப்பு 0.63 பார் என்று போட்டிருக்கிறது. இருப்பதைவிட இழப்பு இரண்டு மடங்கு! கடைசி இரண்டு மாடிக்காரர்கள் வாளியில்தான் குளிக்க வேண்டும்.

பைப்லைன்:
அந்த 0.63 பார் முழு ஓட்டத்தில் வரும் இழப்பு. 15 மி.மீ. மீட்டரில் க்யூ3 (தொடர்ந்து தாங்கும் முழு ஓட்டம், மணிக்கு இத்தனை கன மீட்டர்) என்று 2.5 குறித்திருந்தால் மணிக்கு 2,500 லிட்டர், நிமிடத்துக்கு 41 லிட்டருக்கு மேல். எந்த ஷவரும் அவ்வளவு கொட்டாது. இழப்பு ஓட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் இழப்பு 0.04 பாருக்குள், அதாவது ஒன்றேகால் அடி உயரம் போனது போல. உங்கள் 10 அடியில் எட்டே முக்கால் மிச்சம் இருக்கும்.

ஆனால் விலை குறைவு என்று க்யூ3 1.6 மீட்டரை வாங்கினால் அதே ஷவருக்கு இழப்பு மூன்று அடி. அப்போது உங்கள் புகார் உண்மையாகிவிடும். கொட்டேஷன் வாங்கும்போதே இந்த எண்ணைக் கேட்க வேண்டும்.

ஒன்பதாம்_மாடி:
அந்தக் கணக்கு புது மீட்டருக்கு. போர் மணலும் உப்பும் கலந்த தண்ணீரில் மீட்டர் வாயில் இருக்கும் சல்லடை எத்தனை நாள் சுத்தமாக இருக்கும்? கழற்றிப் பார்த்தால் வெள்ளைப் படிவு ஓட்டையெல்லாம் அடைத்திருக்கும், நடுவில் மணல் கட்டியாக நிற்கும். 480 சல்லடையை யார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கழுவுவது? அதைத் தீர்மானத்தில் எழுதவே இல்லை.

இன்னொன்று, டேங்க் காலியாகி மறுபடி நிரம்பும்போது குழாயில் ‘உஸ்ஸ்’ என்று காற்று வரும். மெக்கானிக்கல் மீட்டரின் முள் அந்தக் காற்றுக்கும் சுற்றும். தண்ணீர் வராத நாளுக்கும் பில்!

சம்ப்_ரூம்:
இரண்டு பேருமே வீட்டுக்குள் நிற்கிறீர்கள். அதற்கு முன்னால் மோட்டார் ரூமில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் வீட்டு மீட்டர் வைத்தால், உள்ளே வந்ததற்கும் பில் போட்டதற்கும் இடையே பெரிய பள்ளம் விழும். அந்த வித்தியாசத்தை யார் தலையில் கட்டுவது என்றுதான் முதல் சண்டையே வரும்.

முதலில் லாரி. சம்ப் (தரையடித் தொட்டி) 20 அடிக்கு 15 அடி என்றால் ஓர் அங்குல உயரம் சுமார் 700 லிட்டர். 12,000 லிட்டர் லாரி முழுதாக இறங்கினால் 17 அங்குலம் ஏற வேண்டும். போர் மோட்டாரையும் மேலேற்றும் மோட்டாரையும் நிறுத்திவிட்டு, இறக்குவதற்கு முன்னும் பின்னும் அளவுகோலை விட்டுப் பாருங்கள். 14 அங்குலம்தான் ஏறியது என்றால் 2,000 லிட்டருக்கு மேல் குறைவு. செலவே இல்லாத சோதனை, செக்யூரிட்டியே செய்துவிடுவார்.

அடுத்தது இதைவிட முக்கியம். எஸ்.டி.பி. மக்கர் செய்யும் நாளில் பிளஷ் டேங்குக்கு நல்ல தண்ணீர் விட ஒரு பைபாஸ் வால்வு இருக்கும். பிளான்ட் சரியான பிறகும் அதை மூட மறந்துவிடுவார்கள், அல்லது மூடினாலும் உள்ளே தேய்ந்து கசியும். காசு கொடுத்து வாங்கிய தண்ணீர் நேராக பிளஷுக்குப் போகும். சுத்திகரித்த தண்ணீர் நிரம்பி வெளியே வழியும். யார் கண்ணிலும் படாது. எஸ்.டி.பி.யிலிருந்து பிளஷ் டேங்குக்குத் தண்ணீர் அனுப்பும் பில்டர் மோட்டாரை நிறுத்திவிட்டு பிளஷ் டேங்க் மட்டத்தைக் கவனியுங்கள். ஏறினால் பைபாஸ் கசிகிறது. இப்படி ஒரு வால்வு போதும், நீங்கள் மீட்டரால் மிச்சப்படுத்துவதையெல்லாம் தின்றுவிடும்.

போர், லாரி இறக்கும் குழாய், ஒவ்வொரு பிளாக்குக்கும் மேலேறும் குழாய், இங்கெல்லாம் பெரிய மீட்டர் வையுங்கள். மூன்று மாதக் கணக்கைப் பார்த்த பிறகு வீட்டு மீட்டர் பேசலாம்.

வரவுசெலவு:
பெரிய மீட்டர் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைக் காரணம் காட்டி வீட்டு மீட்டரைத் தள்ளிப்போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நிமிடத்துக்கு 200 மில்லி ஒழுகும் ஒரு ஹெல்த் பாசெட் (டாய்லெட் கைத்தெளிப்பான்) நாளைக்கு 288 லிட்டர், மாதத்துக்கு 8,600 லிட்டருக்கு மேல் விழுங்கும். நாலு பேர் குடும்பம் மாதம் செலவழிப்பதே 16,200 லிட்டர்தான். பிளாக் மீட்டரில் இந்த ஒழுகல் தெரியவே தெரியாது. பில் வந்தால்தான் வாஷர் மாற்றுவார்கள்.

2019 ஜூனை மறந்துவிடாதீர்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்தன. அன்றைக்குப் பிரச்சினை பணம் இல்லை, தண்ணீரே இல்லை.

ஒன்பதாம்_மாடி:
உங்கள் உதாரணமே உங்களுக்கு எதிராக நிற்கிறது சார். நிமிடத்துக்கு 200 மில்லி என்றால் மணிக்கு 12 லிட்டர். க்யூ3 2.5, ஆர்100 (அதாவது க்யூ3-இல் நூறில் ஒரு பங்கு ஓட்டத்திலிருந்து) மீட்டர் சரியாக அளக்கத் தொடங்குவதே மணிக்கு 25 லிட்டரில். அந்த ஒழுகல் பில்லில் ஏறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பைப்லைன்:
இந்தக் கேள்வி சரியானது. ஆர்250 வாங்கினால் தொடக்கம் மணிக்கு 10 லிட்டர், அப்போது பிடிபடும். நடைமுறையில் அது அல்ட்ராசோனிக் (ஒலி அலையால் அளக்கும்) வகையாக இருக்கும். உள்ளே சுற்றும் பாகம் இல்லாததால் மணலில் சிக்காது. வெறும் குழாயைக் கண்டுகொள்ளும் வசதி உள்ள மாடலில் காற்றும் பில்லாகாது. விலை கூடுதல், பேட்டரி தீர்ந்தால் பெரும்பாலும் மீட்டரையே மாற்ற வேண்டும், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். மெக்கானிக்கல்தான் என்றால் குழாய் படுக்கையாகவும் முகப்பு வானத்தைப் பார்த்தும் இருக்க வேண்டும். ஷாஃப்டுக்குள் இடமில்லை என்று நிமிர்த்தி வைத்தால் சிறு ஓட்டத்தைத் தவறவிடும். மீட்டருக்கு முன்னால் ஒரு வால்வு கட்டாயம். இல்லையென்றால் ஒரு சல்லடை கழுவ முழு டவுன்கமரையும் அடைக்க வேண்டிவரும்.

வாடகை_வீடு:
எந்த மீட்டராக இருந்தாலும் ஸ்லாப் (எத்தனை லிட்டர் வரை என்ன விலை என்ற படிநிலை) எப்படி என்று யாரும் பேசவில்லையே. வீட்டுக்கு மாதம் 15,000 லிட்டர் வரை ஒரு விலை, அதற்கு மேல் இரட்டிப்பு என்றால் படுக்கையில் பெரியவரும் கைக்குழந்தையும் இருக்கும் ஆறு பேர் வீடு தண்டனை கட்டும். 135-ஐத் தலைக் கணக்கில் பெருக்கி முதல் ஸ்லாப் வையுங்கள். ஆறு பேருக்கு மாதம் 24,300 லிட்டர். ஆள் எண்ணிக்கையை வருடம் ஒருமுறை வாங்கிக்கொள்ளலாம்.

வரவுசெலவு:
மேடம் சொல்வது நியாயம், தீர்மானத்தில் சேர்க்கச் சொல்கிறேன். பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு லிட்டர் கணக்கு பூஜ்யம் ஆனாலும் மோட்டார் பராமரிப்பு, எஸ்.டி.பி. ஆள் சம்பளம் எல்லாம் சதுர அடியிலேயே தொடரும். லாரி, போர் கரண்ட் மட்டும்தான் லிட்டருக்கு மாறும்.

ஒன்பதாம்_மாடி:
அப்படியானால் 480-ஐயும் ஒரேயடியாக வாங்க வேண்டாம். ஒரே ஷாஃப்டில் மேலிருந்து கீழ்வரை பத்து வீடு, நாற்பது மீட்டர். மூன்று மாதம் பில் போடாமல் ரீடிங் மட்டும் எடுங்கள். அதே பிளாக்கில் சம்ப்_ரூம் சொன்ன பெரிய மீட்டரும் ஓடட்டும். ஒன்பதாம் மாடி ஷவருக்குக் கீழே 10 லிட்டர் வாளி வைத்து, மீட்டர் பொருத்துவதற்கு முன்னும் பொருத்திய பின்னும் நிரம்பும் நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்தில் நிரம்பியது ஒன்றரை நிமிடம் ஆனால் என் ஓட்டு எதிர்ப்புதான்.

சம்ப்_ரூம்:
பைபாஸ் வால்வை இந்த வாரமே பாருங்கள். அதற்குப் பொதுக்குழு தேவையில்லை.