தொடர்கதைப் பாத்திரத்துக்காக யாரோடாவது நேரில் வாக்குவாதப்பட்டதுண்டா? அனுபவத்தைப் பகிருங்கள்

வெள்ளவத்தை வாசகி:

ஆன்டி ஹீரோ கதை எப்படிப் போகும் என்று இணையத்தில் தொடர்கதை வாசிக்கும் எல்லோருக்கும் தெரியும். கட்டாயக் கல்யாணம், அவன் அவளைப் படுத்தும் பாடு, நடுவில் ஒரு பிளாஷ்பேக், அதோடு எல்லாவற்றுக்கும் மன்னிப்பு. நான் வாசித்துக்கொண்டிருந்ததும் அந்த வகைதான். அவன் கைநீட்டி, அவள் தாய் வீட்டுக்குப் போய், அங்கிருந்து தானாகவே திரும்பி வரும் எபி, அதாவது எபிசோட். கந்தோர் முடிந்து கோட்டையில் ரயில் ஏறும்போதுதான் அந்த யூடி (புது அத்தியாயம்) வந்தது. கொம்பனித்தெருவில் ஏறிய ஒரு பிள்ளை என் தோளோடு தோள் இடிபட நின்று போனை எடுத்தாள். அதே அட்டைப்படம், அதே எபி.

என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. "இவள் ஏன் தங்கச்சி திரும்பிப் போறாள்?" என்று கேட்டுவிட்டேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "போகாமல் என்ன செய்யிறது அக்கா? தாய் வீட்டில எத்தனை நாளைக்கு வச்சிருப்பினம்? அவனில எனக்குத் துளி விருப்பமும் இல்லை. அவளுக்கு வேற இடமில்லை, அவ்வளவுதான்" என்றாள். சொல்லிக்கொண்டே விரிசல் விழுந்த திரையில் கமெண்ட் பெட்டியைத் திறந்து, "சூப்பர் சிஸ், ஹீரோ செம, அடுத்த யூடி எப்போ?" என்று தட்டி இரண்டு இதயமும் போட்டு அனுப்பினாள். பம்பலப்பிட்டியில் இறங்கிப் போய்விட்டாள்.

அந்தக் கதைக்குக் கீழே அப்படிப்பட்ட கமெண்ட்கள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. ஹீரோவை எல்லோருக்கும் பிடித்திருக்கிறது என்றுதான் எழுதுகிறவரும் நினைப்பார். அவள் என்னிடம் சொன்னது அவருக்கு எப்போது போய்ச் சேரும்?

கொட்டாஞ்சேனை மகள்:

என்னுடையது இணையத்துக்கு முந்திய கதை, ஆனாலும் தொடர்கதைதான். எழுபதுகளில் இந்திய வார இதழ்கள் இங்கே வருவதை அரசாங்கம் கட்டுப்படுத்தியபோது அம்மா பாதியில் விட்ட தொடர் ஒன்று இருக்கிறது. அந்தக் கட்டுப்பாட்டால் இங்குள்ள எழுத்தாளர்களுக்கு வழி திறந்தது, வீரகேசரி பிரசுரமாக நாவல்கள் வரிசையாக வந்தன, எல்லாம் சரி. அம்மாவுக்கு அந்தப் பெண் என்ன ஆனாள் என்பது மட்டும் தெரியாமலே போனது. கதையின் பெயரும் மறந்து, பெண்ணின் பெயர் மட்டும் நினைவில் நின்றது. முடிவைத் தானே உண்டாக்கி எங்களுக்குச் சொல்லித்தான் வளர்த்தா: அவள் படித்து ரீச்சராகி, தம்பிமாரை ஆளாக்கினாள் என்று.

போன வருஷம் காலி வீதியில் ஒரு புத்தகக் கடையில் அம்மா சும்மா அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டா. கல்லாவில் இருந்த பெரியவர் உடனே, "ஓம், ஓம், அவள் கடைசியில அந்த முறைமாமனையே கட்டிக்கொண்டு போயிடுவாள் அம்மா" என்றார். அம்மா கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அவள் அப்பிடிச் செய்யமாட்டாள். நீங்கள் வேற கதையைச் சொல்லுறீங்கள்" என்றா. குரல் நடுங்கியது. அவர் மறுபடி வாய் திறக்குமுன் நான் அம்மாவை வெளியே கூட்டிவந்துவிட்டேன். அந்த முடிவு உண்மையா என்று தேடிப் பார்க்க எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.

மருதானை மச்சாள்:

வெள்ளவத்தை அக்காவோடு எனக்கு உடன்பாடில்லை. கதையைக் கதையாக வாசிக்கத் தெரியாதவர்களா நாங்கள்? நாள் முழுக்கப் பிள்ளைகள், அடுப்படி, மாமியின் மருந்து என்று ஓடிவிட்டு, இரவு பதினொரு மணிக்கு ஒரு திமிர் பிடித்தவன் கடைசியில் மண்டியிட்டு அழுவதை வாசிப்பதில் எனக்கு நிம்மதி இருக்கிறது. வெளியில் யாரும் எங்களிடம் மன்னிப்புக் கேட்பதில்லை, கதையிலாவது கேட்கட்டும். என் மச்சாளும் நானும் ஒரு வில்லிக்காகச் சண்டை பிடித்து நோன்புப் பெருநாள் வரை பேசாமல் இருந்தோம். என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆனால் எல்லோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முடிந்த கதையை "அப்புறம் வாசிக்கலாம்" என்று வைக்காதீர்கள். 2016இல் அமேசானின் கிண்டில் மின்னூல் கடையில் தமிழ் வந்ததிலிருந்து நிறையப் பேர் கதைத் தளத்தில் எழுதி முடித்த கையோடு கதையைத் தூக்கி அங்கே போட்டுவிடுகிறார்கள். மாதச் சந்தாவில் வாசிக்கிறவர்களின் பக்கங்களுக்குப் பணம் வர வேண்டுமென்றால், 90 நாள் தவணைக்கு அந்த மின்பதிப்பு வேறெங்கும் இருக்கக் கூடாது என்பது அமேசானின் நிபந்தனை. அதனால்தான் தளத்திலிருந்து எடுக்கிறார்கள், எங்களில் கோபம் கொண்டு அல்ல. அதற்காக பிடிஎஃப் கேட்டு டெலிகிராம் குழுக்களில் அலையாதீர்கள். அது திருட்டு. சமைத்து வைத்துவிட்டு நடுச்சாமத்தில் தட்டச்சு செய்கிற ஒரு பெண்ணின் உழைப்பு அது. ரீரன் என்று தளத்தில் மறுபடி போடுவார்கள், பொறுத்திருங்கள். வசதியுள்ளவர்கள் தனிப் புத்தகமாக வாங்குங்கள். வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் சொல்லி வாங்குவியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கதை என்றால் அன்றன்றைக்கு வாசித்து அன்றன்றைக்கே கமெண்ட் போடுங்கள். சைலண்ட் ரீடராக இருந்துவிட்டு, கதை பாதியில் நின்ற பிறகு கவலைப்படுவதில் பிரயோசனம் இல்லை.

தெஹிவளையில் எழுதுகிறவள்:

நான் எழுதுகிற பக்கத்திலிருந்து வருகிறேன். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் நின்ற சமயம் என் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. போனில் சார்ஜ் இருக்கும்வரை இருட்டில் எழுதி, கரண்ட் வந்ததும் போடுவேன். கதாநாயகியின் அண்ணன் படகில் வெளிநாடு போனவன், தகவல் இல்லை. அவன் வழியிலேயே இறந்துவிட்டான் என்று ஓர் எபியில் எழுதினேன். கதைக்கு அது தேவை. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பிறகொரு நாள் பம்பலப்பிட்டி கோயிலில் தெரிந்த ஒருவர், "இவதான் அந்தக் கதை எழுதுறவ" என்று ஓர் அம்மாவிடம் என்னைக் காட்டிவிட்டார். அவ அர்ச்சனைத் தட்டைப் படியில் வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டா. திருநீறு என் விரல்களில் ஒட்டியது. "பிள்ளை, தகவல் வரேல்லை எண்டு மட்டும் எழுதி விட்டிருக்கலாமே" என்றா. வேறொன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றவர்தான் பிறகு சொன்னார், அவவின் மகனும் அப்படிப் போனவன் என்று.

கமெண்டில் அவ ஒரு வரிகூட எழுதியதில்லை. அச்சில் வந்தது என்றால் மாற்ற முடியாது. இதில் இரண்டு நிமிட வேலை. அதுதான் என்னை விடுகிறதில்லை. மாற்றினால் கதை பொய்யாகிவிடும், மாற்றாவிட்டால் அவவின் முகம். மருதானை தங்கச்சி, கதையைக் கதையாக வாசிக்கத் தெரியும் என்கிறீர்கள். அந்த அம்மாவுக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டா.

வத்தளை தாத்தா:

மகள், மாற்றாதீர்கள். கேட்காமலே சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரம் வாரமாக வந்தது. முடிந்தபோது, அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்டார்கள். கல்கி கதையைத் திருத்தவில்லை. முடிவுரை என்று தனியாக எழுதி அதில் பதில் சொன்னார். வாசகருக்கும் மரியாதை, கதைக்கும் மரியாதை. நீங்களும் செய்யலாம். கடைசி எபிக்குக் கீழே உங்கள் பெயரில் ஒரு கடிதம் எழுதுங்கள். அண்ணனின் சாவுச் செய்தியை யார் கொண்டுவந்தார், அதை வீட்டார் எப்படி நம்பினார்கள், தாய் நம்பினாளா என்று எழுதுங்கள். தாய் நம்பவில்லை என்றும் எழுதலாம். அதனால் உங்கள் கதை கெடாது.

வெள்ளவத்தைப் பிள்ளைக்கும் ஒரு வார்த்தை. அந்த ரயில் பிள்ளை சொன்னதை எழுதியவருக்கு நீங்களே எழுதி அனுப்புங்கள். பெயர் எதற்கு?

தெஹிவளையில் எழுதுகிறவள்:

தாய் நம்பவில்லை என்பது என் மனதில் வரவே இல்லை ஐயா. அது அந்தக் கதைக்குள்ளேயே இருக்கக்கூடியதுதான். இன்று இரவு எழுதிப் பார்க்கிறேன்.